சீனர் பக்கத்து வீடு, மலாய்க்காரர் எதிர் வீடு... ஈசூனில் ஒரு வீடு வாங்கினால்!

சிங்கப்பூரின் வடக்கே இருக்கிறது ஈசூன். அங்குள்ள சோங் பாங் உணவங்காடியில் காலையிலேயே மேசைகள் நிரம்பிவிடும். ஒரு மேசையில் சீனத் தாத்தா பால் சேர்க்காத ‘கோப்பி ஓ’ குடித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் மலாய்க் குடும்பம் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கும். அடுத்த மேசையில் நம் பரோட்டாவின் தம்பியான ‘பிராட்டா’, தொட்டுக்கொள்ளக் குழம்பு. சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்க ஹலால், ஹலால் அல்லாதது என்று தனித்தனி அடுக்குகள். யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. சரியான இடத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அன்னாசி, ரப்பர் தோட்டங்களால் பெயர் பெற்ற லிம் நீ சூன் என்பவரின் பெயர்தான் மாண்டரின் உச்சரிப்பில் ‘ஈசூன்’ ஆனது. சோங் பாங் அவருடைய மகனின் பெயர். இதே ஊரில் தாருல் மக்மூர் பள்ளிவாசல் இருக்கிறது. செம்பவாங்கில் மரத்தடி வழிபாடாகத் தொடங்கி, பின்னர் இங்கே குடிவந்த புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமும் இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று காவடிகளைப் பார்த்தால் பழனி நினைவுக்கு வரும்.

ஆனால் இந்த ஊரின் உண்மையான அழகு அடுக்குமாடிக் கட்டடங்களின் தரைத்தளத்தில்தான். சுவர்கள் இல்லாத திறந்த கூடம் அது. சனிக்கிழமை அங்கே மலாய்க் கல்யாணப் பந்தல் போட்டிருப்பார்கள். இன்னொரு நாள் அதே இடத்தில் சீனர் வீட்டுத் துக்கம் நடக்கும். தீபாவளி என்றால் மாடித் தாழ்வாரத்தில் கோலம். சீனர்களின் ஏழாம் மாதத்தில் முன்னோருக்குக் காகிதம் எரிக்கும் புகை மேல்மாடி வரை வரும். துணி காயப்போட்டவர்கள் முணுமுணுத்துக்கொண்டே எடுத்து உள்ளே வைப்பார்கள். சகிப்புத்தன்மை என்று பெரிய வார்த்தை எல்லாம் வேண்டாம், பழக்கம், அவ்வளவுதான்.

இப்படி ஒரு இடத்தில் சொந்த வீடு இருந்தால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். குழந்தை மூன்று மொழிகளைக் கேட்டு வளரும். மூன்று பண்டிகைக்கும் பலகாரம் வரும். ‘வெஜிடேரியன் மட்டும்’ என்று நம் ஊரில் டு-லெட் போர்டு வைப்பவர்களை ஒரு வாரம் இங்கே தங்க வைக்கலாம்!

ஆனால் இந்தக் கலவை தானாக அமைந்தது அல்ல. 1980களில் பிடோக், தெம்பனிஸ் வட்டாரங்களில் மலாய்க்காரர்களும், ஹவ்காங்கில் சீனர்களும் அளவுக்கு அதிகமாகக் குவியத் தொடங்கினார்கள். 1964 இனக் கலவரத்தைப் பார்த்த அரசுக்கு அது கவலை தந்தது. 1989-ல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. அதை அறிவித்தவர், அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த எஸ்.தனபாலன், தமிழர்.

கணக்கு இதுதான். ஒரு புளோக்கில் சீனர் 87 சதவீதம், மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 15 வரை இருக்கலாம். அக்கம்பக்க வட்டாரத்துக்கு வரம்பு இன்னும் சற்றுக் குறைவு. இந்தியருக்கான அளவு முதலில் 13 ஆக இருந்தது. 2010-ல்தான் 15 ஆனது. சிங்கப்பூர்வாசிகளில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் அரசு கட்டிய வீவக வீடுகளில் வசிப்பதால், இந்த எண்கள் கிட்டத்தட்ட எல்லோர் வாசலையும் தொடுகின்றன.

வாங்கும்போது வலி தெரியாது. விற்கும்போதுதான் தெரியும்.

ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டது என்று வையுங்கள். அங்கே வீட்டை விற்க நினைக்கும் தமிழ்க் குடும்பத்திடம் ஒரு சீனர் நல்ல விலைக்குக் கேட்டாலும் கொடுக்க முடியாது. சீனர் வீட்டைத்தான் சீனர் வாங்கலாம். மக்கள்தொகையில் முக்கால் பங்கு சீனர்கள்; இந்தியர் சுமார் 9 சதவீதம். அப்படியானால் அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சும் வாடிக்கையாளர்கள் எத்தனை பேர்? மாதக்கணக்கில் காத்திருந்து, விலையைக் குறைத்து விற்ற சிறுபான்மைக் குடும்பங்களின் குறை நாடாளுமன்றம் வரை போனது. வேறு வழியே இல்லாதவர்களின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022-ல் வந்தது. அதுவும் கடைசிக் கதவுதான்.

ஒற்றுமையின் செலவை எண்ணிக்கையில் குறைந்தவர்களே அதிகம் சுமப்பது நியாயமா? கேட்க வேண்டிய கேள்வி. அதே நேரம், இந்த வரம்புகள் கட்டுப்படுத்தாத வாடகை விளம்பரங்களில் ‘இந்தியர் வேண்டாம்’ என்ற வரி தலைகாட்டியதும் உண்மை. கணக்குப் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வரியே போதும்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போனவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒர்க் பாஸ் மட்டும் இருந்தால் வீவக வீடு வாங்க முடியாது. நிரந்தரவாசியாகி 3 ஆண்டுகள் கழித்து, தம்பதியர் இருவருமே நிரந்தரவாசிகளாக இருந்தால், மறுவிற்பனை வீட்டுக்கு முயலலாம். மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கென்று தனி வரம்பும் உண்டு: புளோக்கில் 8 சதவீதம், வட்டாரத்தில் 5. பெரும்பாலான வீடுகள் 99 ஆண்டுக் குத்தகைதான் என்பதால், பழைய புளோக் என்றால் மிச்சம் எத்தனை ஆண்டு என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எந்த புளோக்கில் எந்த இனத்தவருக்கு இடம் இருக்கிறது என்பது கழகத்தின் இணையதளத்தில் இருக்கும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிப்பார்கள். போன மாதம் கதவு மூடியிருந்த அதே புளோக்கில் இந்த மாதம் ஒரு வீட்டுக்கு இடம் கிடைத்திருக்கலாம்.