அகராதியும் சீட்டுக்கட்டும்

டாரோ சீட்டுகளைப் படிக்கத் தொடங்குகிறவன் கையில் முதலில் கிடைப்பது ஓர் அகராதி. கட்டோடு சேர்ந்தே வருகிற சிறு புத்தகம். சூரியன் என்றால் மகிழ்ச்சி. கோபுரம் என்றால் திடீர் வீழ்ச்சி. மரணம் என்றால் மாற்றம் (பயப்பட வேண்டாம் என்று கூடவே ஓர் ஆறுதல்). 78 சீட்டுக்கும் இப்படி இரண்டிரண்டு வரி. தலைகீழாக வந்தால் அதற்குத் தனியாக இரண்டு வரி. மனப்பாடம் செய்துவிட்டால் போதும் என்பது புத்தகம் தருகிற உத்தரவாதம். எனக்கு இந்த உத்தரவாதத்தில் நம்பிக்கை இல்லை. எதிர்காலம் சீட்டில் எழுதியிருக்கிறது என்பதிலும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் சில வருஷங்களாக இந்தக் கட்டு என் மேஜை மேல் கிடக்கிறது.

‘கிளி ஜோசியம் போதாதா உமக்கு?’ என்று கேட்டார் ஒரு நண்பர். நியாயமான கேள்விதான். கிளி எடுத்துத் தருகிற படம் எந்தத் தெய்வம் என்று தெரிந்ததும் பார்ப்பது முடிந்துவிடுகிறது. அதன்பிறகு எல்லாம் சொல்லுகிறவரின் வாய். டாரோவும் பெரும்பாலோர் கையில் இந்தக் கதிக்குத்தான் ஆளாகிறது. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு விஷயம். ஒரு படிமம் எப்படி அர்த்தம் கொள்கிறது, அந்த அர்த்தத்தை அதற்குக் கொடுப்பது யார் என்று கவிதை பற்றி நாம் ஓயாமல் சண்டை போடுகிற கேள்விகள் இந்த அட்டைகளில் ஸ்தூலமாக, கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரிக் கிடக்கின்றன.

முதலில் சரித்திரம். இது பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்த ஒரு விளையாட்டு. 1440-ஆம் ஆண்டு ஃபிளாரன்ஸ் நகரத்துக் குறிப்பொன்றிலும் 1442-இல் ஃபெராரா அரண்மனைக் கணக்கிலும் இச்சீட்டுகள் பேசப்படுகின்றன. கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு வகை, வகைக்குப் பதினாலு, ஆக 56 சீட்டு. இவற்றுக்கு மேல் 22 படச் சீட்டுகள். இவைதாம் துருப்பு. துருப்பு என்றால் நாம் சீட்டாடும்போது சொல்கிற அதே துருப்புத்தான், மற்றதை வெட்டுவது. மிலான் பிரபுக்களுக்காகத் தங்க ரேக்கு ஒட்டித் தீட்டிய கட்டு ஒன்றில் 74 சீட்டுகள் இன்றும் நியூயார்க்கிலும் பெர்காமோவிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. அதில் மரணம் வில்லேந்திய எலும்புக்கூடு. அதைப் பார்த்து யாரும் மாற்றம் என்று தத்துவம் பேசியிருக்க மாட்டார்கள். ஆட்டத்தில் அது எந்தச் சீட்டை வெட்டும் என்றுதான் பார்த்திருப்பார்கள்.

1781-இல் கூர் த ஜெபலென் என்ற பிரெஞ்சுக்காரர், இது பழைய எகிப்தியப் பூசாரிகள் ஒளித்து வைத்த ஞான நூல் என்று எழுதினார். எகிப்திய எழுத்தை அன்று படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. ஷாம்போலியோன் அதற்கு வழி கண்டது 1822-இல். படிக்கத் தெரிந்தபின் டாரோவைப் பற்றி அங்கு ஒரு வரியும் கிடைக்கவில்லை. அதற்குள் எத்தெய்யா என்று தன் பெயரைத் திருப்பிப் போட்டுக்கொண்ட அலியெத், ஆரூடம் சொல்லும் முறையைப் புத்தகமாக்கி, அதற்கென்று தனிக் கட்டும் போட்டுவிட்டார். 1850-களில் எலிஃபாஸ் லெவி 22 துருப்புகளை ஹீப்ரு எழுத்துகள் 22-உடன் முடிச்சுப் போட்டார். மைக்கேல் டம்மெட் என்ற தர்க்கவாதி 1980-இல் பெரிய புத்தகம் ஒன்று எழுதி, இந்த மறைஞானமெல்லாம் பின்னால் ஏற்றியது, சீட்டு பிறந்தது ஆடுவதற்கு என்று காட்டினார். பிரான்ஸிலும் ஆஸ்திரியாவிலும் அந்த ஆட்டத்தை இன்றும் ஆடுகிறார்கள்.

இதோடு விஷயம் முடிந்தது என்று பகுத்தறிவு பேசுகிறவர் எழுந்துவிடலாம். எனக்கு இங்கேதான் தொடங்குகிறது. அர்த்தம் பின்னால் வந்தது என்றால், எப்படி வந்தது?

1909-ஐப் பார்க்க வேண்டும். லண்டனில் ஆர்தர் எட்வர்ட் வெய்ட் என்பவர் ஒரு புதிய கட்டுக்குத் திட்டமிட்டார். வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். இருவரும், யேட்ஸ் உறுப்பினராக இருந்த அதே ‘பொன் விடியல்’ மறைஞானக் குழுவைச் சார்ந்தவர்கள். அதுவரை பெரும்பாலான கட்டுகளில் துருப்புகளுக்கும் ராஜா, ராணி போன்ற சீட்டுகளுக்கும்தான் படம். ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பை வரைந்திருக்கும்; அவ்வளவே. (பதினைந்தாம் நூற்றாண்டின் சோலா புஸ்கா கட்டு ஒரு விதிவிலக்கு. அதன் புகைப்படங்கள் 1907-இல் பிரிட்டிஷ் மியூஸியத்துக்கு வந்தன. ஸ்மித்தின் மூன்று வாள் சீட்டில் இதயத்தைத் துளைக்கிற வாள்களுக்கு அங்கே மூலம் இருக்கிறது.) ஸ்மித் ஏறக்குறைய எல்லாச் சீட்டுக்கும் ஆட்களை வரைந்தார். எண்ணிக்கையாக இருந்தது சம்பவமாகிவிட்டது. துருப்புகளுக்கு வெய்ட் விவரமாகச் சொல்லியிருக்கலாம்; எண் சீட்டுகளின் காட்சிகள் பெரும்பாலும் ஸ்மித்தின் கற்பனை என்றே பரவலாகக் கருதப்படுகிறது. இன்றைய அகராதிகளில் எண் சீட்டுகளுக்குச் சொல்கிற பொருளில் பெரும்பகுதி அந்தப் படங்களைப் பார்த்துச் சொன்னதுதான். படம் முந்தி, பொருள் அதன் பின்னால் நடந்து வருகிறது.

ஸ்மித்தைப் பற்றி இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு இன்னொரு தகவல். 1903-லும் 1904-லும் அவர் ஒரு சிறுபத்திரிகை நடத்தினார். பெயர் ‘பச்சைக் கதிர்க்கட்டு’ என்று பொருள்படும். படங்களுக்குக் கையால் வர்ணம் தீட்டியிருக்கும். யேட்ஸ் எழுதியிருக்கிறார். பதின்மூன்று இதழோடு நின்றது. 1907-இல் நியூயார்க்கில் ஸ்டீக்லிட்ஸ் தம் புகைப்படக் கூடத்தில் புகைப்படம் அல்லாத ஒன்றை முதல்தடவையாகக் காட்சிக்கு வைத்தபோது வைத்தது இவர் படங்களைத்தான். 1909 நவம்பரில் அதே ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், பெரிய வேலை ஒன்றைச் சொற்பக் காசுக்கு முடித்துக் கொடுத்ததாகக் குறிப்பிடுகிறார். அந்த வேலை இந்தச் சீட்டுகள். கட்டுக்கு நெடுநாள் வழங்கிய பெயர் ரைடர்–வெய்ட்: வெளியிட்டவர் பெயரும் திட்டமிட்டவர் பெயரும். வரைந்தவர் பெயர் இல்லை. 1951-இல் கார்ன்வாலில் அவர் இறந்தபோது இருந்தது கடன். இருந்த சாமான்களை விற்றார்கள். ஆனால் ஒவ்வொரு சீட்டிலும் ஓரத்தில், புல்லோடு புல்லாக, கல்லோடு கல்லாக, தன் முதலெழுத்துகளைப் பின்னிப் போட்டிருக்கிறார். அகராதியில் ஆழ்ந்தவர் கண்ணுக்கு அது படுவதே இல்லை.

படத்தைப் பார்ப்பது என்றால் என்ன? இரண்டு துருப்புகளை எடுத்துக்கொள்கிறேன்.

தொங்குகிறவன். ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறான். அகராதி ‘தியாகம், காத்திருத்தல்’ என்கிறது. பழைய இத்தாலியில் துரோகிகளை இப்படித் தலைகீழாகப் பொதுச் சுவர்களில் வரைந்து அவமானப்படுத்துவார்கள். சீட்டுக்கே துரோகி என்ற பெயரும் இருந்தது. ஸ்மித் அதே உடம்பைத் தொங்கவிடுகிறார். ஆனால் மரத்தில் இலை துளிர்த்திருக்கிறது. முகம் அமைதியாக இருக்கிறது. தலையைச் சுற்றி ஒளி. தண்டனை நிலையை மாற்றாமல் தண்டனையை எடுத்துவிட்டார். தியாகம் என்ற சொல்லில் இந்தப் பழைய அவமானம் இல்லை. படத்தில் இருக்கிறது.

மரணம். வெள்ளைக் குதிரையில் கவசமணிந்த எலும்புக்கூடு. கறுப்புக் கொடியில் வெள்ளை ரோஜா. ராஜா கீழே கிடக்கிறான். மதகுரு கைகூப்பிக் கெஞ்சுகிறார். ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். குழந்தை மட்டும் நேராகப் பார்க்கிறது. தூரத்தில் இரு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். அது உதயமா அஸ்தமனமா என்பதைப் படம் சொல்லவில்லை. ‘மாற்றம்’ என்கிற அகராதி உதயம் என்று முடிவு செய்துவிட்டது. கிடக்கிற ராஜாவுக்கு என்ன மாற்றம்? நான்கு பேர், ஒரே வருகையை நான்கு விதமாக எதிர்கொள்கிறார்கள். இவர்களில் நான் யார் என்று கேட்டுக்கொள்ளத்தான் படத்தில் இடம் இருக்கிறது.

நம் விமர்சனத்திலும் இதே அகராதி உண்டு. கவிதையில் கதவு வந்தால் விடுதலை. பறவை வந்தால் ஆன்மா. இருட்டு வந்தால் அறியாமை. கவிதை படித்தாயிற்று. குறியீடு என்று நாம் சொல்வது பலசமயம் சமன்பாடு. சமன்பாட்டின் வலப்பக்கம் கிடைத்ததும் இடப்பக்கத்தைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். 1922-இல் வெளிவந்த ‘பாழ்நில’த்தில் எலியட் சீட்டு பார்க்கிற ஒருத்தியைக் கொண்டுவருகிறார். கட்டின் சரியான அமைப்பு தமக்குத் தெரியாது என்று குறிப்பில் அவரே சொல்லிவிட்டார். அவள் எடுக்கிற சீட்டு ஒன்று எந்தக் கட்டிலும் கிடையாது. அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் பகுதியைத் தீர்க்கப் பார்த்தவர்கள் திண்டாடினார்கள். அவருக்கு வேண்டியிருந்தது படமும், அடுத்தடுத்துப் படம் விழுகிற கதியும்தான்.

சீட்டு ஒரு சொல் என்றால் விரிப்பு ஒரு வாக்கியம். இதைப் பிரமாதமாகப் புரிந்துகொண்டவர் கால்வினோ. பேச்சிழந்த வழிப்போக்கர்கள் டாரோ சீட்டுகளை மேஜை மேல் வரிசைப்படுத்தித் தம் கதையைச் சொல்லுகிற நாவலை அவர் 1973-இல் முழுமையாக்கினார். ஒருவன் கதையில் காதலாக இருந்த சீட்டு, குறுக்கே போகிற இன்னொருவன் கதையில் வேறாகிவிடுகிறது. கணக்காகவும் சொல்லலாம். 78-இல் மூன்று சீட்டை வரிசையாக எடுக்க 4,56,456 வழிகள். தலைகீழாக விழுவதையும் சேர்த்தால் 36,51,648. எந்தப் புத்தகம் இத்தனைக்கும் பொருள் எழுதும்? ஒவ்வொரு விரிப்பையும் அநேகமாக முதல்தடவையாகத்தான் யாரும் படிக்கிறார்கள். தற்செயல் செய்கிற உபகாரம் இது. நமக்கு வேண்டிய படத்தை நாமே தேர்ந்தெடுத்தால் தெரிந்ததையே திரும்பச் சொல்லிக்கொள்வோம். கலைத்துப்போட்ட கட்டு நாம் கேட்காத படத்தைத் தருகிறது. அதற்கு எதிரே பேசியாக வேண்டும்.

என் அக்கா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. அவள் கணவர் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தபோது எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். ஜாதகம், ஆரூடம் எதையும் பொருட்படுத்தாதவள். ஒரு மத்தியானம் மேஜையில் கிடந்தவற்றில் ஐந்து கோப்பைச் சீட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புப் போர்வை போர்த்திய ஓர் உருவம். காலடியில் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன. ஆறு, பாலம், அக்கரையில் ஒரு வீடு.

“இதுக்கு என்னடா போட்டிருக்கு புஸ்தகத்திலே?”

“நஷ்டம். ஆனா எல்லாம் போகலை. திரும்பிப் பார்த்தா மிச்சம் இருக்கிறது தெரியும்னு.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: “வரவா எல்லாரும் இதையேதான் சொல்றா. பையன் இருக்கான், பென்ஷன் இருக்குன்னு. கொட்டினது மூணுடா. அவன் நின்னு பார்த்து முடிக்கட்டுமே. பின்னாடி இருக்கிறது எங்கே போயிடப்போறது?”

வெய்ட்டின் புத்தகத்திலும் சரி, அதற்குப்பின் வந்த உரைகளிலும் சரி, மிச்சத்தைக் காட்டி எழுப்புகிற அவசரம் இருக்கிறது. படத்தில் அந்த அவசரம் இல்லை. நிற்கிற கோப்பைகள் நிற்கின்றன, பாலம் இருக்கிறது, உருவம் குனிந்திருக்கிறது. ஸ்மித் அவனைத் திருப்பவில்லை. அக்கா பார்த்தது படத்தில் இருப்பதை. சொன்னது தன் துக்கத்தை. இரண்டுக்கும் நடுவே எனக்கு இடைவெளி தெரியவில்லை. வாசிப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. குறி கேட்கப் போகிற ஒருவரிடம் ‘மாற்றம் வரும், மிச்சம் இருக்கிறது’ என்று சொல்லி அனுப்புவது எவ்வளவு சுலபமான கொடுமை என்பதும் அன்று எனக்கு உறைத்தது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அர்த்தம் கொடுக்க நாம் அவசரப்படும்போது அவருடைய படத்தைப் பிடுங்கிக்கொள்கிறோம்.

ஆகவே, புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். புத்தகத்தை எரிக்க வேண்டாம், அலமாரியில் வையுங்கள். மரபு ஏற்றிய பொருளும் ஒரு தகவல்தான், பின்னால் தேவைப்படும். ஒரு நாளைக்கு ஒரு சீட்டு எடுங்கள். யார் எங்கே பார்க்கிறார்கள், கை என்ன செய்கிறது, நிலமா நீரா, வானம் என்ன நிறம் என்று கண்டதை மட்டும் ஐந்தாறு வரி எழுதுங்கள். எட்டு வாள் சீட்டு வந்தால், கண்ணும் கையும் கட்டப்பட்ட அந்தப் பெண்ணின் கால் கட்டப்படவில்லை என்பதைச் ‘சிறை’ என்ற சொல் வருவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். வாள்களுக்கு நடுவே வழி இருக்கிறதா என்று பாருங்கள். அவளுக்கு அது தெரியாது என்பதையும் பாருங்கள். கடைசியாக, ஓரத்தில் அந்தக் கையெழுத்து எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். சில சீட்டுகளில் அதைக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும். அதைத் தேடுகிற நேரத்தில் படத்தின் மற்ற மூலைகளும் கண்ணில் படும்.