வங்கத்துக்கு வழி – 3: சீக்கிரம் சாயும் பொழுது

சென்ற இதழில் மீனம்பாக்கத்தில் நிறுத்தியிருந்தேன். மார்கழி மாதம், மதியம் இரண்டரைக்கு விமானம் கிளம்பியது. கரையைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று இடப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்கியிருந்தேன். மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. வரைபடத்தில் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் நேர்கோடு இழுத்துப் பாருங்கள், பெரும்பாலும் கடல்தான். ஆந்திரக் கரை மேற்கே ஒதுங்கிக்கொள்ள, பூரிப் பக்கம் வந்தபிறகுதான் கோடு நிலத்தை நெருங்குகிறது.

அந்தக் கோட்டின் நீளம் ஏறக்குறைய 1,380 கி.மீ. கரையோடு வளைந்து போகும் தண்டவாளமோ 1,660 கி.மீ. கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கே ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. வானத்தில் இரண்டு மணி நேரம். அதுவும் காற்றைப் பொறுத்தது. ஆடியில் தென்னிந்தியாவுக்கு மேலே, வெகு உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. 1950-களில் அதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் நம் வானிலைத் துறையின் பி. கோட்டீஸ்வரம். கொல்கத்தா போகிற விமானத்துக்கு அது எதிர்க்காற்று.

எனக்குப் பிடித்த வழி, இப்போது இல்லாத ஒன்று. 1949-இல் இரவு விமானத் தபால் சேவை தொடங்கியது. சென்னை, கொல்கத்தா, பம்பாய், டெல்லி நான்கிலிருந்தும் இரவில் கிளம்பும் விமானங்கள் நடுநிசியில் நாகபுரியில் கூடும். தபால் மூட்டைகளும் பயணிகளும் அங்கே விமானம் மாறுவார்கள். விடியும்போது எல்லாரும் அவரவர் ஊரில். சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு இப்படிச் சுற்றிப் போனால் 1,900 கி.மீ. அளவுக்கு வரும். ஆனாலும் நேற்றிரவு மயிலாப்பூரில் எழுதிய கடிதம் காலையில் ஹூக்ளிக் கரைக்குப் போய்விடும் என்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய விஷயம்! அந்த நாகபுரி ஓடுதளத்தில் ஒரு நள்ளிரவு நின்று பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று இன்றும் ஏங்குகிறேன்.

டம்டமில் இறங்கும்போது மணி ஐந்துகூட ஆகவில்லை, சூரியன் மறைந்துகொண்டிருந்தது. ஒருகாலத்தில் இந்த இரண்டு ஊர்களுக்கும் கடிகாரமே வேறு. கிரீன்விச்சுக்கு மதராஸ் நேரம் 5 மணி 21 நிமிடம் முந்தியது, கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிடம். அந்த முப்பத்திரண்டு நிமிடத்தை ஒரே இந்திய நேரம் மூடிவிட்டது. சூரியன் அதற்குக் கட்டுப்படவில்லை. கொல்கத்தா வடக்கேயும் இருப்பதால் குளிர்காலப் பகல் இன்னும் குறுகல். மார்கழியில் சென்னையைவிட முக்கால் மணிக்கு மேல் முன்னதாகவே பொழுது சாய்ந்துவிடுகிறது.

ஐந்தேகாலுக்கு வெளியே வந்தபோது மஞ்சள் டாக்சிகள் விளக்குப் போட்டிருந்தன. அம்மாவுக்கு போன் செய்தேன்.

"வந்து சேந்துட்டேம்மா. இங்க இருட்டிடுச்சு."

"அதுக்குள்ளயா? மொட்டை மாடில துணியே இன்னும் எடுக்கல. வெயில் இருக்கட்டும்னு விட்டு வச்சிருக்கேன்."