வாப்பாவின் கொப்பி

வாப்பா மர்ஹூமாகி மூன்றாம் மாதம் கடையைத் துப்புரவு செய்தபோது அந்தக் கொப்பி கிடைத்தது. சிவப்புத் துணி ஒட்டிய நீளமான கணக்குக் கொப்பி. ஹல்துமுல்லையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்று வாப்பா தம் கைப்பட எழுதி வைத்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் பெண்களின் பெயர்கள்தான். சேலையும் போர்வையும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத் துணியும் வாங்கியவர்கள் அவர்கள்தானே.

இது 2009இல் நடந்தது. போய் அறவிட வேண்டும் என்றார் நாநா. உம்மா ஒன்றும் பேசவில்லை. கடைசியில், பதுளையிலிருந்து வந்திருந்த நான்தான் கொப்பியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பெண்களிடம் பெண் போய்ப் பேசுவது நல்லது என்று நினைத்தேன்.

வாப்பாவின் வியாபாரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. இளமையில் துணி மூட்டையைத் தலையில் சுமந்து லயன் லயனாக ஏறி இறங்கியவர். பிறகு பஸார் தெருவில் ஒரு சிறு கடை போட்டார். மாதம் பத்தாம் திகதி சம்பளம் போடும்போது, தோட்டத்துக் காரியாலயத்துக்குக் கீழே உள்ள சவுக்கு மரத்தடியில் கொப்பியோடு உட்கார்ந்திருப்பார். கைக்காசுக்கு 300 ரூபாய்ச் சேலை, கடனுக்கு 400. "இது வட்டியில்ல மகள், யாவாரம்" என்பார். விலையை முதலிலேயே பேசி முடித்துவிட்டால் தவணைக்கு விலை கூட்டுவது ஆகும் என்றுதான் பெரும்பாலான உலமாக்களும் சொல்கிறார்கள். வாப்பா தொழுகை தவறாதவர், யாரையும் ஏமாற்ற நினைக்காதவர். ஆனாலும், கூடை தூக்கிக் களைத்து நிற்கும், எழுத வாசிக்கத் தெரியாத ஒருத்தியோடு பேசி முடித்த விலை என்பது எப்படிப்பட்ட பேச்சு? இந்தக் கேள்வி அப்போது எனக்கு வரவில்லை.

அன்று தோட்டத்தில் எனக்குத் துணையாக வந்தவர் ஓர் அக்கா. கொழுந்து பறிப்பவர். சிறு வயதிலிருந்தே என்னைத் தெரியும். பிள்ளை மடுவத்து வாசலில் நின்று அவர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். சிலர் மௌத்தாகியிருந்தார்கள். சிலர் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். இரண்டு மூன்று பேர் மடியிலிருந்து எடுத்துத் தந்தார்கள். இரண்டு பேர், "அத எப்பவோ குடுத்திட்டேனே" என்றார்கள். கொப்பியில் அது இல்லை. அவர்களிடம் துண்டும் இல்லை. யார் சொல்வது சரி? எழுதியது வாப்பா மட்டும்தான். இதைக் கேட்டதும் உம்மா, "மிச்சத்த விட்டிருங்க, மௌத்தானவருக்கு அதுதான் நல்லது" என்றார். மீதியை அல்லாஹ்வுக்காக மன்னித்துவிட்டோம்.

கொப்பியின் நடுவில் இன்னொரு பக்கம் இருந்தது. ஒன்பது பெயர்கள் ஒரே திகதியில் வெட்டப்பட்டிருந்தன. அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வழமையை விட அதிகமான காசோடு வீட்டுக்கு வந்த வாப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "எல்லாரும் ஒரே நாள்ல கடன அடச்சிட்டாங்க. இனி நமக்கிட்ட வருவாங்களா?" என்றார். வரவில்லைதான். பிறகு கடை மெல்ல மெல்லப் படுத்துவிட்டது. "வெள்ளக்காரன்ட காசு வந்து எங்கட யாவாரத்தக் கெடுத்துப் போட்டுது" என்று நாநா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அந்தக் காசு எப்படி வந்தது? எங்கள் பக்கத்து இதல்கஸ்ஹின்னத் தோட்டம், இரசாயனம் போடாத தேயிலையை உலகத்திலேயே முதலில் செய்த தோட்டங்களுள் ஒன்று. 1987 அளவில், இங்குள்ள ஸ்டாசன் கம்பனியும் ஜேர்மனியின் கெபா என்ற நியாய வணிக நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய வேலை அது. பின்னர் ஐரோப்பாவில் ஃபெயார் ட்ரேட் முத்திரை வந்தது. நெதர்லாந்தில் 1988இல், ஜேர்மனியில் 1992இல். முத்திரை போட்ட தேயிலையை வாங்குகிறவர், விலைக்கு மேலே கிலோவுக்கு இவ்வளவு என்று தொழிலாளருக்காகத் தனியாக ஒரு தொகை தர வேண்டும். அந்தத் தொகை துரையின் கைக்கும் போகாது, அரசாங்கத்துக்கும் போகாது. தோட்டத்தில் தெரிவு செய்யப்பட்ட ஒரு கூட்டுக்குழுவின் கணக்கில் விழும். குழுவில் தொழிலாளர்களே அதிகம். என்ன செய்வது என்று அவர்கள் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும்.

அக்காவின் தோட்டத்துக்கும் அப்படிக் கொஞ்சம் காசு வந்திருக்கிறது. முதல் கூட்டத்தில் ஆண்கள் விளையாட்டு மைதானம் கேட்டார்களாம். கணக்கப்பிள்ளை கோயிலுக்குக் கோபுரம் என்றாராம். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் இரண்டு கூட்டம் வரை வாயே திறக்கவில்லை. மூன்றாம் கூட்டத்தில் ஒரு கிழவி எழுந்து, "எங்க கடன அடைக்க ஒரு வழி சொல்லுங்க" என்றாளாம். அதிலிருந்துதான் சுழற்சிக் கடன் நிதி பிறந்தது. சின்னத் தொகை, மாதத்துக்குச் சிறு தவணை, ஒருத்தி கட்டி முடித்தால் அடுத்தவளுக்கு. முதல் ஒன்பது பேர் வாங்கிய கடனில்தான் வாப்பாவின் ஒன்பது வரிகளும் வெட்டப்பட்டன.

இவ்வளவையும் அக்கா எனக்குச் சொன்னது 2009இல் அல்ல. அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை, மரியாதைக்காக இருக்கலாம். சொன்னது 2017இல். நானே கடனில் விழுந்து கிடந்தபோது.

சகோதரிகளே, இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. பதுளையில் எங்கள் ஒழுங்கைக்குக் கடன் கம்பனிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். பெண்களுக்கு மட்டும் கடன், பிணை தேவையில்லை, ஐந்து பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பு நின்றால் போதும் என்றார்கள். தையல் மெஷின் வாங்க நானும் சேர்ந்தேன். வட்டி ஹராம் என்று தெரியாதா? தெரியும். "சேவைக் கட்டணம்" என்று அவர்கள் சொன்னதை நம்ப விரும்பினேன், அவ்வளவுதான். ஐவரில் ஒருத்தி ஊரை விட்டே போய்விட்டாள். அவளுடைய தவணையையும் மற்ற நால்வர் கட்ட வேண்டியதாயிற்று. காசு சேரும் வரை கம்பனிக்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார், மஃரிப் ஆனாலும் எழும்ப மாட்டார். என் காதுத் தோடு அதில்தான் போனது. நாடு முழுவதும் இதே கதையாக இருந்தது. 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் இத்தகைய கடன்களில் ஒரு பகுதியை இரத்துச் செய்து, வருட வட்டி 35 வீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது. வரையறையே 35 வீதம் என்றால், முன்பு எவ்வளவு என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்பனிகள் பலவற்றிலும் வெளிநாட்டு முதலீட்டுக் காசு இருந்தது. அதுவும் ஏழைப் பெண்களுக்கு உதவி என்ற பெயரில்தான் வந்தது. அக்காவிடம் அழுதேன். அதுவும் வெள்ளைக்காரன் காசு, இதுவும் வெள்ளைக்காரன் காசு, உங்களுக்கு மட்டும் எப்படிச் சரிவந்தது என்று கேட்டேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அந்தக் கம்பனிக்காரன் கணக்கெழுதுற கொப்பிய நீ ஒருநாளாவது தொட்டுப் பாத்தியா புள்ள?" என்றார்.

பாஸ்புத்தகம் தந்தார்கள், உண்மைதான். ஆனால் கணக்கு அவர்களுடையது. அக்காவின் தோட்டத்தில் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிள்ளை மடுவத்தில் கொப்பியை விரித்து உரக்க வாசிப்பார்கள். எழுதத் தெரியாதவளும் தன் பெயருக்கு என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுப்பாள். பிழை என்றால் அங்கேயே சண்டை.

அன்றிரவு சூரத்துல் பகராவின் 282ஆவது வசனத்தைத் தர்ஜுமாவோடு ஓதிப் பார்த்தேன். குர்ஆனிலேயே நீளமான வசனம் அது, பேசுவது கடனை எழுதி வைப்பதைப் பற்றி. என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டியவர் கடன் வாங்கியவர் என்று அதில் வருகிறது. எத்தனை முறை ஓதியிருப்பேன்! வாப்பாவின் கொப்பியில் ஒரு பெண்ணாவது தன் வரியைத் தானே சொல்லி எழுதவைத்திருப்பாளா?

தோட்டத்து ஏற்பாட்டைச் சொர்க்கமாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. மேலதிகத் தொகை, முத்திரையின் கீழ் விற்ற தேயிலைக்கு மட்டும்தான். மற்றது கொழும்பு ஏலத்துக்குப் போனால் ஒரு சதமும் இல்லை. அந்த ஜேர்மன் காசு சம்பளத்தைக் கூட்டித் தரவும் இல்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக 2021 வரை போராட வேண்டியிருந்தது, 1350 ஆக 2024 வரை. லயத்துக்குப் பதிலாகத் தனி வீடு கட்டும் வேலைக்கும் கூட்டுறவுச் சங்கம் உண்டு. தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் என்று பெயர். மத்திய, ஊவா மாகாணங்களில் இந்திய உதவியால் 4000 வீடுகள் கட்டும் திட்டத்தில் இந்தச் சங்கங்களுக்கும் பங்கிருந்தது. நல்ல வேலைதான். ஆனால் தலைவர் கதிரையில் துரை உட்கார்ந்திருக்கும் சங்கத்தில் கொழுந்துப் பெண் எவ்வளவு பேசுவாள்? பெயரில் கூட்டுறவு இருப்பது வேறு.

நம் நாட்டுக்கு இது புதிதுமல்ல. கண்டிப் பக்கம் தும்பறையில் 1906இலேயே கூட்டுறவுக் கடன் சங்கம் இருந்தது. படுத்துக் கிடந்த அந்த இயக்கத்தை 1978இல் பி.ஏ. கிரிவந்தெனிய சணச என்ற பெயரில் எழுப்பினார். கனடாக் கூட்டுறவுக்காரர்கள் அதற்குக் கைகொடுத்தார்கள். இப்போது உலகமே இதைப் பேசுகிறது. 2023 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, கூட்டுறவுகள், சுயஉதவிக் குழுக்கள் போன்றவற்றுக்கு அரசுகளும் சர்வதேச நிதி நிறுவனங்களும் துணை நிற்க வேண்டும் என்று தீர்மானமே நிறைவேற்றியது. அந்தத் துணை பதுளைக்கு எந்த வடிவத்தில் வந்து சேருமோ! மோட்டார் சைக்கிளில் வராமல் இருக்கட்டும்.

சணசவில் சேர எனக்கு மனம் வரவில்லை. குறைந்ததானாலும் வட்டி வட்டிதான். அதனால் 2019இல் எங்கள் ஒழுங்கையில் பதினொரு பேர் ஒரு பெட்டி வைத்தோம். ஆளுக்கு வாரம் 200 ரூபாய். கர்ழன் ஹஸனா, கொடுத்ததை மட்டும் திருப்பித் தர வேண்டும். பதினொருவரில் இருவர் ஹாலிஎலத் தோட்டத்துப் பிள்ளைகள், டவுனில் வேலை செய்பவர்கள். 2022இல் கோதுமை மாவு தீ விலை விற்றபோது மூன்று மாதம் யாரும் காசு போடவில்லை. எடுக்கத்தான் செய்தோம். பெட்டியில் 40 ரூபாய் மிஞ்சியது. அக்கா ஒரு நாள் பஸ் ஏறி வந்து கணக்கைப் பார்த்தார். இரண்டு இடத்தில் என் கூட்டல் பிழை. எல்லார் முன்னிலையிலும் காட்டித் தந்தார். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

கணக்கெழுதுவது வாப்பாவின் கொப்பியில்தான். பின்பாதி முழுவதும் வெற்றுத் தாள்களாக இருந்தன, வீணாக்குவானேன் என்று எடுத்தேன். ஒவ்வொருத்தியும் தன் வரியைத் தானே சொல்ல, நான் எழுதுவேன். அவள் பக்கத்தில் ஒப்பம் வைப்பாள். இன்னும் இரண்டு பக்கம்தான் மீதி. புதுக் கொப்பியை யார் வீட்டில் வைப்பது என்று வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பேச இருக்கிறோம். என் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.