பச்சை உடம்பும் உறையும் இரத்தமும்



இம்முறை பாடநூலைச் சற்று மூடி வைத்துவிட்டு, தாய்மாரின் உயிரைப் பற்றி எழுத விழைகிறேன். பிள்ளைப்பேற்றில் இரத்தப்போக்கால் உயிர் போகும் என்பதை யாவரும் அறிவோம். இரத்தம் உறைவதாலும் உயிர் போகும் என்பதைப் பலர் அறியார். நம் நாட்டில் 1991 முதல் நடைபெற்றுவரும் தாய்மார் மரண ஆய்வில், நுரையீரல் இரத்தக்குழாய் அடைப்பு முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் காணப்படுகிறது.

கருவுற்ற பெண்ணின் இரத்தம் எளிதில் உறையும் தன்மை பெறுகிறது. பேற்றின்போது இரத்தம் மிகுதியாக வெளியேறாமல் காக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. ஆயினும், சிசேரியனும் அதன்பின் அசையாத படுக்கையும் சேரும்போது, காலில் இரத்தக்கட்டி உருவாகலாம். அது பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. பேற்றுக்குப் பிந்திய ஆறு வாரங்களில் இவ்வாபத்து மிகுதி.

அந்த ஆறு வாரங்கள் நம் வீடுகளில் எப்படிக் கழிகின்றன? "பச்சை உடம்புக்காரி நடமாடக்கூடாது, தண்ணீர் குடித்தால் ஜன்னி கண்டுவிடும்" என்பார்கள். அன்பினால் சொல்வதுதான். தோட்டத்தில் பால்மரம் சீவிக் களைத்த பெண்களுக்கு அந்த ஓய்வு வரமாகவே இருந்தது. பூண்டுக் குழம்பும் பத்தியச் சோறும் இருக்கட்டும். தண்ணீரை மறுப்பதையும் படுக்கையிலேயே கிடத்துவதையும் மட்டும் விட்டுவிடுவோம்.

என் மாணவி ஒருத்தியின் தாயார், சிசேரியனுக்குப்பின் மருத்துவமனை தந்த ஹெப்பாரின் ஊசிகளைப் போட்டுக்கொள்ளாமல் வைத்திருந்தார். தாய்ப்பால் கெட்டுவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் அஞ்சினார்களாம். கிளினிக்கைத் தொலைபேசியில் அழைக்கச் சொன்னேன். அவ்வூசியால் பாலுக்குக் கேடில்லை என்று தாதி விளக்கி, கணவருக்கே ஊசி போடக் கற்றுத் தந்தார். இன்று தாயும் சேயும் நலம்.

பிரிட்டனில் 2003 முதல் 2005 வரை இரத்த உறைவால் 41 தாய்மார் மாண்டனர். ஒவ்வொரு கர்ப்பிணியின் ஆபத்தையும் கணித்து மருந்தளிக்கும் முறை பரவியபின், 2006 முதல் 2008 வரையிலான எண்ணிக்கை 18 ஆகக் குறைந்தது. நம் மருத்துவமனைகளிலும் அக்கணிப்பு உண்டு. முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், முன்பு இரத்தம் உறைந்தவர்கள் தயங்காமல் கேளுங்கள். தந்த ஊசியைக் கடைசி நாள்வரை போடுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ எண்ணெய் தேய்த்துக் காத்திருக்க வேண்டா. 999ஐ அழையுங்கள், லூமுட் வாசிகள் ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனைக்கு உடனே விரையுங்கள்.

இதனை நம் பாட்டிமார்களிடமும் எடுத்துரைப்போம். பத்தியம் காப்பவர்கள் அவர்களே.