கண்டி மாநகரில் வார்த்தைப்பாடு

கொழும்பிலிருந்து கண்டிக்குப் புறப்படும் புகையிரதம் றம்புக்கனை வரையில் வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் இடையே விரைந்து ஓடுகின்றது. அதற்கப்பால் மலை எதிர்ப்படுகின்றது. வண்டி வளைந்து வளைந்து மெல்ல ஏறுகின்றது. 1867ஆம் ஆண்டில் கண்டியை எட்டிய இப்பாதையிலே கடுகண்ணாவையைக் கடந்து, பேராதனையைத் தாண்டினால் சிறிது நேரத்தில் மலைநகரை அடைகின்றோம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். நகரைச் சுற்றி வளைந்தோடும் மகாவலி கங்கை. நடுவே இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த வாவி. கண்ணுக்கு விருந்தாகும் காட்சிகளுக்கு இந்நகரிலே குறைவில்லை.

ஆயினும், இம்முறை நாம் கண்டியை நாடிச் சென்றது காட்சிக்காக அன்று. கல்லூரியிலே மாணவன் ஒருவன் எழுப்பிய வினா எம்மை உந்திற்று. அவனுடைய அயல்வீட்டுக் கத்தோலிக்கப் பெண், படித்துப் பட்டம் பெற்றவள், கன்னியர் மடத்திற் சேர்ந்துவிட்டாள். பெற்றோர் கண்ணீர் விட்டனராம். “இருபத்தைந்து வயதிலே ஒருவர் தம்முடைய எழுபதாம் வயதுக்கும் சேர்த்துச் சொல் கொடுத்துவிடலாமா? அது துணிவா, அவசரமா?” என்று அவன் கேட்டான். எளிதில் விடை கூறத்தக்க வினாவன்று அது. மாணவர் சிலரையும் உடன் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். சொல்லைக் காத்து வாழ்வோர் பல வகையினராய் ஒரே நகரிற் கூடியிருப்பதைக் காண, கண்டியை விடச் சிறந்த இடம் இலங்கையிலே வேறில்லை.

முதலிற் கட்டுக்கலைச் செல்வ விநாயகரை வணங்கினோம். சைவராகிய நமக்கு ‘நேர்த்தி’ நன்கு பழகிய ஒன்று. பிள்ளைக்கு நோய் தீர்ந்தால் இத்தனை தேங்காய் உடைக்கிறேன் என்றும், பரீட்சையிற் சித்தியடைந்தால் காவடி எடுக்கிறேன் என்றும் நேர்ந்துகொள்கிறோம். வேண்டியது கிடைத்ததும் கடனைச் செலுத்துகிறோம். அத்துடன் கணக்குத் தீர்ந்தது. ‘விரதம்’ என்பது இன்னொன்று. வெள்ளியிலும் சஷ்டியிலும் உணவைச் சுருக்கி உள்ளத்தை ஒருமுகப்படுத்துகிறோம். நாள் முடிய விரதமும் முடிகின்றது. கிறிஸ்தவத் துறவியர் மேற்கொள்வது இவ்விரண்டும் அன்று. அதற்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் பெயர் ‘வார்த்தைப்பாடு’. அழகிய பெயர். பொருளைக் கொடுப்பதாகச் சொல்வது நேர்த்தி. இங்கே கொடுக்கப்படுவது சொல்லே. அச்சொல்லுக்குள் இனி வரப்போகும் நாட்கள் யாவும் அடங்கிவிடுகின்றன. எதிராக எதுவும் கேட்கப்படுவதில்லை.

வாவியின் தென்கரையிலே மல்வத்தை விகாரை இருக்கின்றது. பௌத்த பிக்குகளின் உபசம்பதை என்னும் உயர் தீட்சை இலங்கையிலே அற்றுப்போயிருந்த காலத்தில், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்க மன்னன் சீயம் நாட்டுக்குத் தூதனுப்பி, உபாலி தேரரை வரவழைத்து, 1753ஆம் ஆண்டில் அதனைக் கண்டியிலே மீண்டும் நிலைநாட்டினான். மதுரை நாயக்கர் உறவினனான அம்மன்னன் பௌத்த சங்கத்துக்குச் செய்த இத்தொண்டு தமிழ் மாணவர் அறியத்தக்கது. பௌத்த பிக்கு, தாம் ஏற்ற நெறியிலே நிற்க இயலாதெனக் கண்டால், காவியைக் களைந்து இல்வாழ்க்கைக்குத் திரும்பலாம். நம் சந்நியாச நெறியோ திரும்பும் வழியை அடைத்துவிடுகின்றது. தமக்குத் தாமே ஈமக்கடன் இயற்றிவிட்டே காவி உடுக்கின்றனர். கிறிஸ்தவ வார்த்தைப்பாட்டை இவ்விரண்டுக்கும் அருகில் வைத்துப் பார்த்தால் அதன் இயல்பு தெளிவாகும்.

நகரிலே புனித அந்தோனியார் பேராலயத்தைக் கண்டபின், சில்வெஸ்தர் சபைத் துறவியரைப் பற்றிய வரலாற்றை மாணவர்க்குக் கூறினோம். ஆசீர்வாதப்பர் என்று தமிழிலே அழைக்கப்படும் புனித பெனடிக்ட், ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியிலே துறவியர்க்கென ஓர் ஒழுங்கு நூல் வகுத்தார். அந்நெறியைப் பின்பற்றி 1231ஆம் ஆண்டில் மொந்தேபானோ மலையிலே தோன்றியது சில்வெஸ்தர் சபை. அச்சபையார் 1845இல் இலங்கைக்கு வந்தனர். 1883இல் கண்டி மறைப்பகுதி தனியாகப் பிரிக்கப்பட்டபோது அது அவர்கள் பொறுப்பில் விடப்பட்டது. 1854இல் அவர்கள் தொடங்கிய புனித அந்தோனியார் கல்லூரி, இன்று கட்டுகஸ்தோட்டையிலே மகாவலிக் கரையில் இருக்கின்றது. கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரன் அங்கே பயின்றவர் என்றதும் மாணவர் முகம் மலர்ந்தது.

ஆசீர்வாதப்பரின் நூல் 73 அதிகாரங்களை உடையது. அவற்றுள் 58ஆவது, துறவு வேண்டி வருவோரை எங்ஙனம் ஏற்பது என்பதைக் கூறுகின்றது. வந்தவனை உடனே உள்ளே விடலாகாது. நான்கைந்து நாட்கள் வாயிலிலே காத்திருக்கச் செய்தல் வேண்டும். பின்னர் ஓராண்டு சோதனை. அவ்வோராண்டிலும் ஒழுங்கு நூலை மும்முறை வாசித்துக் காட்டி, “இதுவே நீ ஏற்கப்போகும் சட்டம், இயலாதெனில் தடையின்றிச் செல்லலாம்” என்னும் கருத்தை அறிவுறுத்துவர். இறுதியிலே, தன் வாக்குறுதியைத் தன் கையாலேயே எழுதி, ஆலயத்திலே பீடத்தின்மீது தானே வைத்தல் வேண்டும். அதன்பின் அவன் அணிந்து வந்த பழைய உடையைக் களைந்து மடத்து உடையை அணிவிப்பர். பழைய உடையை எறிந்துவிடுவதில்லை. என்றேனும் அவன் வெளியேற நேர்ந்தால் திருப்பிக் கொடுப்பதற்காக அதனை மடத்திலே காத்து வைப்பர்.

இவ்வுடைச் செய்தியை நாம் மீண்டும் மீண்டும் எண்ணினோம். வாழ்நாள் முழுதுக்குமான சொல்லைப் பெற்றுக்கொள்ளும் அதே மடம், மனிதனின் வலுவின்மையையும் அறிந்து வைத்திருக்கின்றது. இன்றைய திருச்சபைச் சட்டமும் அவ்வாறே பொறுமை காட்டுகின்றது. நவதுறவு நிலை குறைந்தது 12 மாதம். அதன்பின் தற்கால வார்த்தைப்பாடு குறைந்தது 3 ஆண்டு. அதனையும் கடந்தே நித்திய வார்த்தைப்பாடு. ஆகவே, அயல்வீட்டுப் பெண் ஒரே நாளில் உலகைத் துறந்துவிட்டாள் என்று எண்ணுதல் தவறு. ஒரே சொல்லை அவள் பல ஆண்டுகள் சொல்லிப் பார்க்கின்றாள்.

அச்சொல்லின் உள்ளடக்கம் யாது? பெரும்பாலான சபைகளில் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என மூன்று. ஏழ்மை என்பது வறுமையைப் போற்றுவதன்று. ‘எனது’ என்னும் சொல்லைக் கைவிடுவது. உழைப்பும் ஊதியமும் பொதுவாகும். அப்புத்தளையிலே ஆதிஷம் மாளிகையில் வாழும் சில்வெஸ்தர் துறவியர், தோட்டத்துப் பழங்களைக் கொண்டு செய்யும் ஜாம் வகைகளைச் சுற்றுலாச் செல்வோர் விரும்பி வாங்குவர். அங்கே வரும் பணம் எந்த ஒரு துறவிக்கும் சொந்தமன்று. கற்பு என்பது அன்பை வெறுப்பதன்று; ஒரு குடும்பத்துக்கெனத் தேங்கி நிற்கக்கூடிய அன்பைப் பலருக்கும் பாயத் திறந்துவிடுவது. கீழ்ப்படிதல் என்பது செவிகொடுத்தல். ஆசீர்வாதப்பரின் நூல் ‘கேள்’ என்னும் ஏவலுடனேயே தொடங்குகின்றது. நாமும் பணியாத பிள்ளையைச் ‘சொற்கேளாப் பிள்ளை’ என்றுதானே கூறுகிறோம்? பொருள், உறவு, தன் விருப்பம் ஆகிய மூன்றுமே மனிதன் இறுகப் பற்றுவன. திருவள்ளுவர் ‘துறவு’ அதிகாரத்திலே ‘யான்’, ‘எனது’ என்னும் செருக்கை அறுப்பது பற்றிக் கூறுவதை மாணவர் இங்கே நினைவுகூர்ந்தனர்.

சில சபைகள் நான்காவது வார்த்தைப்பாடு ஒன்றையும் சேர்த்துக்கொள்கின்றன. கண்டியிலே பெண்களுக்கான கல்லூரி நடத்திவந்த நல்லாயன் கன்னியர், மாந்தரின் மீட்புக்காக உழைக்கும் ஆர்வத்தையே நான்காவதாக வாக்களிப்பர். ஆசீர்வாதப்பரின் வழியினரோ ‘நிலைபேறு’ என்பதை வாக்களிப்பர்: சேர்ந்த குடும்பத்திலேயே இறுதிவரை நிலைத்திருத்தல். துறவென்றால் விட்டுச் செல்வதென்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஓரிடத்தை விட்டு அகலாமையும் துறவாகும் என்பது எமக்குப் புதிய பாடமாயிற்று. ஓடும் நதியையும் அசையாத குன்றையும் ஒருங்கே கண்ட அம்மலைநகரில் அது எளிதாகவே விளங்கிற்று.

மாலையிலே அம்பிட்டிக்குச் சென்றோம். நகருக்குத் தென்கிழக்கே மலைச்சரிவில் உள்ள ஊர் அது. 1893ஆம் ஆண்டில் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ இங்கே ஒரு குருமடத்தை நிறுவினார். இந்தியாவின் குருமாரை இம்மண்ணின் மைந்தரிலிருந்தே உருவாக்குதல் வேண்டுமென்பது அவர் நோக்கம். இயேசு சபையார் அதனை நடத்தினர். தமிழகத்து இளைஞரும் இங்கு வந்து பயின்றனர். 1955இல் அக்குருமடம் புனே நகருக்குச் சென்றது. இலங்கைக்கெனத் தேசிய குருமடம் அம்பிட்டியிலேயே அமைந்தது. இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர்க்கு விளக்க வேண்டியிருந்தது. குருவானவர் எல்லோரும் வார்த்தைப்பாடு கொடுத்த துறவியர் அல்லர். ஒரு மறைமாவட்டத்துக்கெனத் திருநிலை பெறும் குரு, மணம் செய்யாமையையும் ஆயருக்குப் பணிதலையும் வாக்களிக்கிறார். ஏழ்மை வார்த்தைப்பாடு அவருக்கில்லை. சபையைச் சேர்ந்த துறவியே மூன்றையும் ஏற்கிறார்.

அம்பிட்டிச் சாலையிலே நடந்து திரும்புகையில் மற்றொரு மாணவி தயங்கித் தயங்கி ஐயமொன்றை வெளியிட்டாள். “பீஷ்மரும் சொல் தவறாதவர்தானே? அவர் சபையிலே இருக்கும்போதுதானே திரௌபதிக்குக் கொடுமை நிகழ்ந்தது?” நாம் மெச்சி மகிழ்ந்த வினா அது. தந்தைக்காக அரசையும் மணத்தையும் துறந்த பீஷ்மரின் சபதத்துக்கு நிகரில்லை. ஆயினும், அரியணையைக் காப்பேன் என்ற சொல்லைக் காத்துக்கொண்டே, அறம் அழிவதைக் கண்டு அவர் வாளாவிருந்தார். சொல் காக்கப்பட்டது, சொல்லின் உயிராகிய அன்பு காக்கப்படவில்லை. எந்தச் சமயத்து வார்த்தைப்பாட்டுக்கும் இவ்விடர் உண்டு. பணிவு அச்சமாகலாம், ஏழ்மை பெருமையாகலாம், கற்பு கல்நெஞ்சமாகலாம். வார்த்தைப்பாடு ஒருவரைப் புனிதராக்கிவிடுவதில்லை. அன்பு வளர்வதற்கு வேலி அமைப்பது மட்டுமே அது. வேலியைக் காத்துப் பயிரை விட்டுவிட்டால் பயன் யாது?

பயிரைக் காத்தவர் ஒருவர் கண்டியிலேயே வாழ்ந்தார். கோவாவிலே 1651இற் பிறந்த யோசேவாஸ் அடிகளார் அவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687ஆம் ஆண்டில், ஏழைக் கூலியாள் வேடத்திலே யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார். தமிழ் கற்றார், சில்லாலை மக்களிடையே மறைந்து வாழ்ந்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய ஒற்றர் என்று ஐயுற்றுச் சிறையிலிட்டனர். நாளடைவிலே இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவருடைய நேர்மையை உணர்ந்து நகரிலே பணியாற்ற இடங்கொடுத்தான்.

1697ஆம் ஆண்டில் கண்டியிலே பெரியம்மை பரவிற்று. அரசனும் பிரபுக்களும் நகரை விட்டு அகன்றனர். நோயுற்றோரை உற்றாரே கைவிட்டுக் காட்டிலே விட்டனர். அடிகளாரும் அவருடைய மருமகனான இன்னொரு குருவும் நகரிலேயே தங்கினர். கைவிடப்பட்டோர்க்குக் குடில் அமைத்து, உணவூட்டி, புண் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தனர். நோயாளர் எச்சமயத்தார் என்று அவர்கள் கேட்கவில்லை.

ஈண்டு ஒரு வியப்பு. யோசேவாஸ் சேர்ந்திருந்த ஒரத்தோரியச் சபையினர் வார்த்தைப்பாடு எடுப்பதில்லை. அன்பென்னும் கட்டு ஒன்றினாலேயே இணைந்து வாழ்வது அவர்கள் வழக்கம். 1677இல், தம் 26ஆம் வயதில், தம்மை மாதாவின் அடிமையெனக் கூறும் ‘அடிமைச் சாசனம்’ ஒன்றை அவர் தாமாகவே எழுதி வைத்தார். சட்டம் கேளாத அச்சொல்லை அவர் இறுதிவரை காத்தார். 24 ஆண்டுகள் இலங்கையிலே உழைத்து, 1711 ஜனவரி 16இற் கண்டியிலேயே உயிர்நீத்தார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக் காலிமுகத் திடலிலே அவரைப் புனிதரென அறிவித்தார். சைவ உலகிலும் இத்தகைய சான்று உண்டு. நல்லூர் ஆறுமுக நாவலர் இல்வாழ்க்கையை ஏலாது நைட்டிகப் பிரமசாரியாய் வாழ்ந்து, தம் காலமெல்லாம் கல்விக்கும் சைவத்துக்கும் ஈந்தார் அல்லரோ?

மாணவனின் வினாவுக்கு நாம் கண்ட விடை இதுவே. எழுபதாம் வயதிலே தான் எவ்வாறிருப்பான் என்று இருபத்தைந்து வயதில் எவரும் அறியார். வார்த்தைப்பாடு அதனை அறிந்ததாகப் பாவிப்பதும் இல்லை. அறியாத நாளையையே கடவுள் கையிலும் பிறர் கையிலும் ஒப்படைப்பது அது. மணமேடையிலே கைப்பற்றும் இருவரும் அதனையே செய்கின்றனர். பிள்ளையை வளர்க்கும் தாயும் நாள்தோறும் செய்கின்றாள். துறவியின் சொல் அவர்களுடைய சொல்லை இகழ்வதன்று. ஒருவருக்கோ ஒரு வீட்டுக்கோ கொடுக்கப்படும் சொல்லை ஊருக்கே கொடுக்கலாம் என்று காட்டுவது. அதன் உரைகல், பீடத்தின்மீது வைத்த ஏட்டிலே இல்லை. எல்லோரும் அகலும் நாளில் அகலாது நிற்பார் யார் என்பதிலேயே இருக்கின்றது.