நாளுக்கொரு படம்

பேராதனையிற் சில விடியற்காலைகளில் ஹந்தானை மலை இருக்கும் இடமே தெரியாது. பனிமூட்டம் மரங்களின் நடுவரை இறங்கி, மகாவலியின் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தங்கி நிற்கும். 2023 ஆம் ஆண்டில் அத்தகைய காலையொன்றில், கலைப்பீடத்து முதலாம் வருட மாணவன் ஒருவன் அக்பர் பாலத்தின் நடுவில் நின்று, இரண்டாங்கையாக வாங்கிய தன் கைத்தொலைபேசியினால் ஒரு படம் எடுத்தான். கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றிய பனி, படத்தில் அழுக்குச் சாம்பலாக விழுந்திருந்தது. பிழை தன்னுடையதா, கருவியினுடையதா என்பது அவனுக்கு விளங்கவில்லை. மறுநாளும் அதே இடத்துக்குச் சென்றான்.

பிழை இருவருக்கும் பொதுவானது என்பதை அறிய அவனுக்கு மூன்று வாரங்கள் பிடித்தன. கமராவின் ஒளிமானி, தான் காண்பது எதுவாயினும் அதனை வெண்மைக்கும் கருமைக்கும் இடைப்பட்ட சாம்பலாகக் கருதியே அளக்கின்றது. ஆகவே பனியை எடுப்பவன், கருவி கேட்பதிலும் சற்று அதிகமான ஒளியைக் கொடுத்தல் வேண்டும். கரிய யானையை எடுப்பவன் குறைத்தல் வேண்டும். இதனை ஒரு நூலின் முதல் அத்தியாயத்திற் பத்து நிமிடத்திற் படித்திருக்கலாம். ஆயினும் இருபது நாள் பனியிற் கால் விறைக்க நின்று கற்றவனுக்கு அது மறப்பதில்லை. அந்த மூன்று வாரமே பழக்கமாகிவிட்டது. நாளொன்றுக்கு ஒரு படம், ஒன்றுக்கு மேல் இல்லை, எடுத்ததை அழிப்பதில்லை, திகதியும் இடமும் ஒரு சீ. ஆர். கொப்பியிற் குறிக்கப்படும். விதிகள் இவ்வளவே.

இவ்விதிகளை அவன் தானாகக் கண்டுபிடித்தவன் அல்லன். அமெரிக்காவில் ஜேமி லிவிங்ஸ்ரன் என்பவர், தாம் பல்கலைக்கழக மாணவராயிருந்த 1979 மார்ச் 31 ஆந் திகதி தொடங்கி, நாள்தோறும் ஒரு பொலறோயிட் படம் எடுத்து வந்தார். பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாக அப்பழக்கம் நீடித்தது. 1997 ஒக்ரோபர் 25 ஆந் திகதி, தமது நாற்பத்தோராவது பிறந்தநாளன்று, அவர் புற்றுநோயால் இறந்தார். அன்றைக்கும் ஒரு படம் உண்டு. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட அப்படங்களிற் பல, தனியே எடுத்துப் பார்த்தால் யாரும் இரண்டாந்தரம் பார்க்க விரும்பாதவை: பாதி உண்ட உணவு, யாரோ ஒருவரின் பாதம், வெறும் அறை. நண்பர்கள் அவற்றை நாள் வரிசையில் அடுக்கியபோதே அங்கு ஒரு மனிதன் வாழ்ந்து முடிந்தமை புலப்பட்டது.

நம் நாட்டு லயனல் வென்ற்றின் நிலை வேறு. அவர் சட்டம் பயின்றவர். பியானோ வாசிப்பதில் வல்லவர். புகைப்படம் அவருக்குத் தொழிலன்று. ஆயினும் அவரளவு கவனத்துடன் இருட்டறையில் உழைத்த தொழிலாளர் சிலரே. 1944 இல் அவர் மறைந்தபின் அவருடைய நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. எஞ்சிய அச்சுப்படங்களும் 1950 இல் வெளியான நூலுமே இன்று நமக்குக் கிடைப்பன. இச்செய்தியைப் படித்த அன்று மாணவன் தன் கொப்பியில் அதனைக் குறித்து, அடியிற் கோடும் இழுத்தான். காரணம் பின்னர் தெரியும்.

நாள்தோறும் செய்யப்படும் எக்கலையும் பெரும்பகுதி சலிப்பே. பரீட்சைக் காலத்தில் விடுதி அறையின் மின்விசிறி நான்கு நாள் தொடர்ந்து படமாயிற்று. ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்கு நினைவு வந்து, கட்டிலிற் படுத்தபடியே தன் செருப்பை எடுத்தான். கலகா வீதியில் தேநீர்க்கடை வைத்திருந்த முதியவர் தம்மைப் படமெடுக்க வேண்டாமெனக் கையை உயர்த்தினார். அந்தக் கையைக்கூட எடுக்காமல் திரும்பியமையை அவனது நல்ல நாட்களுள் ஒன்றாகக் கொள்ளல் வேண்டும். அதன்பின் மனிதரை விட்டுவிட்டான். மரமும் ஆறும் மறுப்புச் சொல்வதில்லை. ஏறத்தாழ முந்நூறு படங்களில் ஒரு முகமேனும் இருக்கவில்லை என்பதை அவன் கவனித்ததும் இல்லை.

அதனைக் கவனித்தவர் அவனுடைய தாய். விடுமுறைக்கு விசுவமடுவுக்குச் சென்றிருந்தபோது, ஒரு பிற்பகல் முழுவதும் அவர் அப்படங்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பின்பு, "உந்த ஆத்தையும் மரத்தையும் எடுத்து என்னடா செய்யப் போறாய்? அதுகள் அங்கைதானே நிக்கும்" என்றார்.

அந்த வீட்டில் 2009 இற்கு முந்திய படம் ஒன்றே ஒன்று உண்டு. திருமணப் படங்களும் பிள்ளைகளின் முதற் பிறந்தநாட் படங்களும் வைத்திருந்த றங்குப்பெட்டி, இடம்பெயர்வின் நடுவே எங்கோ ஒரு பதுங்குகுழியின் அருகில் விடப்பட்டது. தூக்குவதற்கு இரண்டு பிள்ளைகள் இருந்தனர். பெட்டியைத் தூக்கக் கை இல்லை. எஞ்சியது தாயின் தம்பியுடைய அடையாள அட்டைப் படம். அவர் அவ்வாண்டிற் காணாமற் போனவர். 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரத்தில் அமர்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது, அப்படத்தைப் பெருப்பித்துச் சட்டமிட்டு அவரும் மடியில் வைத்திருந்தார். அப்பந்தல்களைக் கடந்து சென்றோர் ஒன்றைக் கண்டிருப்பர். அங்கிருந்த முகங்களிற் பல, அலுவலகத் தேவைக்காக எடுக்கப்பட்டவை. நேர் பார்வை, மூடிய வாய், பின்னால் வெற்றுச்சுவர். பெருப்பிக்கப் பெருப்பிக்க முகம் மங்குமேயன்றி, அதில் இல்லாதது எதுவும் வந்து சேராது.

"உன்ரை மாமா சிரிச்சால் இடப்பக்கக் கன்னத்திலை குழி விழும்" என்றார் தாய். "இதிலை அது இல்லை. எனக்குப் பிறகு ஆருக்குத் தெரியப் போகுது?"

மாணவன் பதில் சொல்லவில்லை. மாமாவைப் பற்றி அவனுக்கு எஞ்சியிருந்தது ஒரு சைக்கிளின் முன்பாரும், அதிற் சுற்றியிருந்த துணியின் உறுத்தலும் மாத்திரமே; முகம் நினைவில் இல்லை. தமக்கையின் கைத்தொலைபேசியில் வீட்டாரின் படங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும், புதுச்சேலையுடன் கமராவை நோக்கி மூச்சைப் பிடித்து நின்றவை. அவையும் ஒருவகை அடையாள அட்டைகளே எனல் பொருந்தும்.

மறுநாட் காலை ஏழு மணிக்குத் தாய் குசினி வாசலிற் குந்தியிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னே முற்றம் வெயிலால் வெளுத்துக் கிடந்தது. அவன் கைத்தொலைபேசியை உயர்த்திப் பார்த்தான். பாலத்தின் மேல் அவனை ஏமாற்றிய அதே ஒளிமானி இங்கும் தன் வேலையைச் செய்தது: முற்றத்தின் வெளிச்சத்தை அளந்துகொண்டு, தாயின் முகத்தைக் கரி நிழலாக்கிற்று. முற்றம் வெறும் வெள்ளையாகிப் போனாலும் போகட்டுமென, முகம் தெளியும்வரை ஒளியைக் கூட்டினான். தாய் நிமிரவில்லை. நெற்றியில் விழுந்த மயிரை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு, உள்ளே இருந்த தமக்கையிடம் உப்பைப் பற்றி ஏதோ சொன்னார். அந்த வேளையில் எடுத்தான்.

சத்தம் கேட்டுத் திரும்பியவர், "தலையும் இழுக்கேல்லை, பழஞ்சட்டை வேறை. அழி உதை" என்றார்.

"அழிக்கிறேல்லை அம்மா. அப்பிடி ஒரு விதி."

"ஆர் போட்ட விதி?"

அதற்கு அவனிடம் விடை இருக்கவில்லை. தாய் படத்தை வாங்கிப் பார்த்தார். நன்றென்றோ தீதென்றோ சொல்லாமல், ஈரக்கை பட்ட கண்ணாடியைச் சேலைத் தலைப்பினாற் துடைத்துக் கொடுத்துவிட்டு, துருவலைக்குத் திரும்பினார். கொப்பியில் அன்றைய வரிக்கு நேரே திகதியும், 'குசினி வாசல்' என்பதும், முதன்முறையாக ஓர் ஆளின் பெயரும் எழுதப்பட்டன. படம் சிறந்ததன்று. முற்றம் முழுவதும் எரிந்து வெள்ளையாயிற்று. துருவலையின் ஒரு பாதி சட்டத்துக்கு வெளியே நிற்கின்றது.

அன்றிரவே அவன் பேராதனைக்குப் புறப்பட்டான். பஸ் வழியிற் பழுதாகித் தாமதித்தது. பாலத்தை அடைந்தபோது ஒன்பது மணியாகிவிட்டது. பனி கலைந்து, ஆறு சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தது. அதையே எடுத்தான்.