ஆற்றோடு போனது எங்கே போயிற்று?

லிந்துலையின் மலைச்சரிவுகளில் பெய்யும் மழை கொத்மலை ஓயாவில் சேர்ந்து, மகாவலியாகி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியார் விரிகுடாவில் கடலை அடைகிறது. தேயிலைக்கு இட்ட உரத்தின் மிச்சம், புல்லுக்கு அடித்த மருந்து, லயங்களின் கழிவு, மழை அரித்த மண் ஆகிய யாவும் அவ்வழியே இறங்குகின்றன. வழியிலுள்ள வயல்களின் உரமும் உடன் சேர்கிறது. 1985இல் திறக்கப்பெற்ற கொத்மலை, விக்டோரியா அணைகளும், 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை அணையும் வண்டலில் ஒரு பகுதியைத் தடுக்கலாம். நீரில் கரைந்தவற்றைத் தடுக்க அணையால் இயலாது.

"ஆற்றோடு போயிற்று, இனிக் கடல் பார்த்துக்கொள்ளும்" என்பார் பலர். கடல் அவ்வளவு எளிதில் எதையும் கரைத்துக்கொள்வதில்லை.

ஆற்று நீர் உப்பு நீரைவிட இலேசானது. ஆதலால் கடலின் மேல் ஓர் ஆடைபோல் படர்ந்து மிதக்கும். அதைக் கிழித்துக் கலப்பது காற்றும் அலையும் நீரோட்டமுமே. திறந்த நேர்க்கரையாயின் கரையோர நீரோட்டம் அதை இழுத்துச் சென்று பரப்பிவிடும். கரை உள்வளைந்து, இருபுறமும் முனைகள் நீண்டிருந்தால், நீர் அவ்வணைப்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றித் தங்கும்.

கொட்டியார் அத்தகைய வளைவு. மார்கழி, தை மாதங்களில் ஆறு பெருகும் வேளையிலேதான் வடகீழ்ப் பருவக்காற்றும் கடலிலிருந்து கரையை நோக்கி வீசுகிறது. அப்பருவத்தில் மூதூர்க் கரையில் நின்ற நாம், செம்மண் நிற நீரும் நீலக் கடலும் ஒரு கோட்டில் முட்டி நிற்பதைக் கண்டோம். அந்நிறம் நமக்குப் பழக்கமானது. எங்கள் மலையின் நிறம். தென்மேல் பருவக்காற்றோ தரையிலிருந்து கடல்நோக்கி வீசி, மேல்நீரை வெளியே தள்ளுகிறது. அவ்விடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலெழக்கூடும். ஒரே கரை, இரு காற்று, விளைவுகளும் இரண்டு.

மிகுந்த உரம் தேங்கிய நீரில் பாசி பெருகும். அது அழுகும்போது மீனுக்குரிய பிராணவாயு குறையும். அதன் நட்டத்தைச் சுமப்பவர் மூதூரிலும் கிண்ணியாவிலும் வலை வீசுவோர். அந்நஞ்சை முதலில் சுவாசிப்பவரோ, முகமூடியின்றி மருந்துக் கலத்தை முதுகில் சுமக்கும் எங்கள் தோட்டத் தொழிலாளர். இலாபம் மூன்றாம் இடத்திற்குப் போகிறது.

ஆகவே நம் கோரிக்கை எளியது. ஓடைக்கரைகளில் உரமும் மருந்தும் படாத மரவரிசை வேண்டும். ஒவ்வொரு லயக் காம்பராவுக்கும் முறையான மலசலகூடம் வேண்டும். மருந்தடிப்போருக்குப் பாதுகாப்பு உடை வேண்டும். மலையில் இவற்றைச் செய்தால் விரிகுடாவும் பிழைக்கும். காற்றின் திசையை மாற்ற நம்மால் முடியாது. ஆற்றில் எதை இறக்குவது என்பதை மாற்ற முடியும்.